பொழுது சாய்ந்தால் ஆட்டம் முடியணுமா?

இருட்டிய பிறகு முற்றத்திலும் புல்தரையிலும் விளையாட ஒளிரும் சாமான்கள் செய்வது பற்றி ஊவாவின் பல மூலைகளிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். இந்த முறை பதில்கள் எல்லாம் அதற்கே.

கே: பகல் இருக்கும்போது இருட்டில் எதற்கு விளையாட்டு, ஐயா? – உயர்தர வகுப்பு மாணவர், பசறை

ப: உங்கள் வீட்டில் பகல் யாருக்குச் சொந்தம், தம்பி? அம்மாவின் பகல் மலையில் போகிறது. உங்கள் பகல் பாடசாலையிலும் டியூசனிலும் போகிறது. கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு இறங்கும்போது வெயிலின் வால்தான் மிச்சம். பதுளையில் நவம்பரில் மாலை 5.45க்கே சூரியன் விழுந்துவிடும். ஜூலையில் எவ்வளவு தாமதித்தாலும் 6.30ஐத் தாண்டாது. மேற்கே மலை மறைக்கிற தோட்டங்களில் இன்னும் முன்பே. லண்டன்காரருக்கு ஜூனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் உண்டு. வேலை முடிந்து வந்து சாவகாசமாக ஆடலாம். நாம் பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகைதான் தள்ளி இருக்கிறோம். சூரியன் இறங்கி இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் பந்து கண்ணிலிருந்து போய்விடும். தோட்டத்தில் ஓய்வு தொடங்குவதே இருட்டோடுதான். ஆகவே ஒளிரும் பந்து நமக்குத்தான் மற்றவர்களைவிட அதிகம் தேவை.

கே: லயத்து லைட் வெளிச்சத்தில் மென்பந்து ஆடுகிறோம். பகலில் சிக்ஸர் அடிக்கிறவன்கூட இரவில் கோட்டை விடுகிறான். பந்து ஏதும் மந்திரம் போடுகிறதா? – லுணுகலை

ப: மந்திரம் கண்ணுக்குள் நடக்கிறது. விழித்திரையில் கூம்பு, கோல் என்று இரண்டு வகைக் கலங்கள். கூம்புகள் பகலுக்கு, நிறமும் நுணுக்கமும் வேகமும் அவற்றின் வேலை. கோல்கள் இருட்டுக்கு, மங்கலிலும் பார்க்கும், ஆனால் நிதானமாகத்தான் சேதி அனுப்பும். மங்கலில் கண் தாமதிப்பதை 1922இல் கார்ல் புல்ஃப்ரிச் என்ற ஜெர்மானியர் விளக்கினார். ஒரு கண்ணுக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இடவலமாக ஆடும் ஊசலைப் பார்த்தால், அது வட்டமடிப்பது போலத் தெரியும். இருண்ட கண் ஒரு நொடியின் சிறு துளியளவு பின்தங்குவதால் வரும் மயக்கம் அது. உங்கள் துடுப்பாட்டக்காரருக்கும் அதே கதை. பந்து இருக்கும் இடத்தை அவர் பார்க்கவில்லை, சற்று முன் இருந்த இடத்தைப் பார்த்து வீசுகிறார்.

பந்துக்குள் ஒரேயொரு சின்ன லைட்டை வைத்தால் இன்னும் மோசம். புள்ளிக்கு அளவு இல்லை. அளவு தெரியாவிட்டால் தூரமும் தெரியாது. பந்தின் உடம்பு முழுக்க ஒளிர வேண்டும். அப்போதுதான் அது பெரிதாகிக்கொண்டு வருவது கண்ணுக்குப் படும். அப்படியும் வேகப்பந்து வேண்டாம். இருட்டுக்கு ஏற்றவை மெதுவான ஆட்டங்கள்: வளையம் எறிதல், தட்டு எறிதல், உருட்டுப் பந்து, போத்தல் சாய்த்தல். கல்லுப் பந்தை இருட்டில் தொடவே தொடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது.

கே: எங்கள் டீமின் நிறம் சிவப்பு. சிவப்பாக ஒளிரும் பந்து செய்யலாமா? – ஹாலிஎல

ப: ஜெர்சியைச் சிவப்பாகப் போடுங்கள், பந்தைப் பச்சையாகச் செய்யுங்கள். கோல் கலங்களுக்கு 507 நானோமீற்றர் அலைநீளம், அதாவது நீலம் கலந்த பச்சைதான் ரொம்பப் பிடிக்கும். சிவப்பு அவற்றுக்குக் கறுப்பு மாதிரி. ஆனால் சிவப்புக்கு வேறொரு நல்ல வேலை இருக்கிறது. ஸ்கோர் எழுதுகிறவர் கையில் சிவப்பு டோர்ச் கொடுங்கள். இருட்டுக்குப் பழக கண்ணுக்கு இருபது முப்பது நிமிடம் வேண்டும். வெள்ளை டோர்ச் ஒருமுறை மின்னினாலே அந்தப் பழக்கம் கலைந்துவிடும், மங்கல் சிவப்பு அவ்வளவாகக் கலைக்காது.

கே: மங்கலாக ஒளிரும் வளையத்தை உற்றுப் பார்த்தால் மறைந்துவிடுகிறது. கண் டொக்டரிடம் போகணுமா? – மடுல்சீமை

ப: வேண்டாம். விழித்திரையின் நட்டநடுவில் கோல் கலங்களே இல்லை. வளையத்துக்குச் சற்றுப் பக்கத்தில் பாருங்கள், அது திரும்பி வந்துவிடும். நட்சத்திரம் பார்க்கிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலை இது.

கே: மூடுபனி இறங்கினால் எங்கள் கிரவுண்ட் காணாமல் போகும். மஞ்சள் லைட் பனியைத் துளைக்கும் என்கிறார்களே? – அப்புத்தளை

ப: துளைக்காது. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. மஞ்சள், நீலம், பச்சை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒரே மாதிரிச் சிதறடிக்கும். கெடுதல் செய்வது லைட்டின் நிறம் அல்ல, அது இருக்கும் இடம். நெற்றியில் டோர்ச் கட்டிக்கொண்டால் அந்த வெளிச்சம் பனியில் மோதி நேராக உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே வெள்ளைச் சுவர்தான். லைட்டை முழங்காலுக்குக் கீழே, பக்கவாட்டில் வையுங்கள். பொருள் தானாகவே ஒளிர்ந்தால் அதைவிட நல்லது, ஏனென்றால் அந்த ஒளிக்கு ஒரு வழிப் பயணம்தான். அப்புத்தளைக்காரர்கள்தான் ஒளிரும் சாமானுக்கு முதல் உரிமைக்காரர்கள் என்பேன்.

கே: கடையில் ‘ரேடியம் ஸ்டிக்கர்’ வாங்கிப் பந்தில் ஒட்டினேன். ரேடியம் என்றால் புற்றுநோய் வரும் என்று மாமா பயமுறுத்துகிறார். – பண்டாரவளை

ப: மாமா சொல்வது பழைய உண்மை. 1917 முதல் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் ஒரேஞ்ச் நகரில் கைக்கடிகார முகங்களுக்கு ரேடியம் கலந்த சாயம் பூசினார்கள். பூசியவர்கள் இளம்பெண்கள். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொன்னார்கள், அவர்களும் செய்தார்கள். பலர் தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். அந்தச் சாயத்தை உருவாக்கிய சபின் வொன் சொஹொக்கியும் 1928இல் அதே நஞ்சால்தான் இறந்தார். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். அந்தப் பெண்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு, கையுறையும் முகமூடியும் இல்லாமல் மருந்தடிக்கிற நம் தோட்டத்து ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

உங்கள் ஸ்டிக்கரில் ரேடியம் இல்லை. மலிவானது என்றால் அநேகமாகத் துத்தநாக சல்பைட். பச்சையாக ஒளிர்ந்து சீக்கிரமே மங்கிவிடும். நல்ல ரகம் என்றால் ஸ்ட்ரோன்ஷியம் அலுமினேட். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கண்டுபிடித்தது. யுரோப்பியம், டிஸ்புரோசியம் என்ற இரண்டு உலோகங்கள் அதில் துளியளவு கலந்திருக்கும். பழைய சல்பைட்டைவிடப் பத்து மடங்குக்கு மேல் பிரகாசம், ராத்திரி முழுக்க மங்கலாகவாவது தெரியும். கதிர்வீச்சு இல்லை, வாங்கிய வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். மாமாவைக் கையோடு கூட்டி வந்து ஆட விடுங்கள்.

கே: அந்த ஒளிரும் பவுடரை நானே வாங்கி வளையத்தில் பூசினேன். இரண்டு வாரத்தில் செத்துவிட்டது. – எல்ல

ப: தண்ணீர் குடித்துச் செத்திருக்கும். ஸ்ட்ரோன்ஷியம் அலுமினேட் ஈரம் பட்டால் சிதைந்துவிடும். நம் ஊர்ப் பனிக்கும் தூறலுக்கும் வெறும் பவுடர் தாங்காது. முதலில் வளையத்துக்கு வெள்ளைப் பெயின்ட். கறுப்பின் மேல் பூசினால் பாதி வெளிச்சத்தை அடியிலேயே விழுங்கிவிடும். பிறகு பவுடரை எண்ணெய் சார்ந்த தெளிவான வார்னிஷில் அல்லது ரெசினில் குழைத்து, தடிப்பாக, காயக் காய இரண்டு மூன்று தடவை. பவுடர் கனமானது, அடியில் படியும். பூசும்போது கிண்டிக்கொண்டே இருங்கள். கடைசியாக வெறும் வார்னிஷ் ஒரு பூச்சு. பவுடர் கலக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். முதல் கால் மணி நேரத்தில் வெளிச்சம் வேகமாக இறங்கும், அது அதன் இயல்பு. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் போன் டோர்ச்சைக் கிட்டப் பிடித்து ஊட்டுங்கள்.

கே: ஒளிர்வது வேறு, ஊதா லைட்டில் மினுங்குவது வேறு என்கிறார் விஞ்ஞான டீச்சர். புரியவில்லை. – வெலிமடை

ப: டீச்சர் சரி. ஊதா லைட்டை அணைத்த கணமே அணைவது உடனொளிர்வு; அணைத்த பிறகும் தொடர்வது நின்றொளிர்வு. வெலிமடைக்காரருக்கு இதை விளக்க வெளியூர் போக வேண்டியதில்லை. 1869இல் உங்கள் பக்கத்து மடுல்சீமையில்தான் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் முதலில் கண்ணில் பட்டது. கோப்பி அழிந்தது. தேயிலை வேரூன்றுவதற்கு முன் நடுவில் கொஞ்ச காலம் துரைமார் சிங்கோனா மரத்தை நட்டார்கள். அதன் பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்கு மருந்தான குயினின். ஹக்கல பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே சிங்கோனாவை வளர்த்துப் பார்க்கத்தான். அந்தக் குயினின் கரைசல், கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழ்வதை 1852இல் ஜோர்ஜ் ஸ்டோக்ஸ் ஆராய்ந்து எழுதினார். உடனொளிர்வு பற்றிய விஞ்ஞானம் அங்கேதான் காலூன்றியது. கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா டோர்ச்சை டொனிக் வோட்டர் போத்தலில் அடித்துப் பாருங்கள், நீலம் பொங்கும். நாலு போத்தலை நிறுத்தி, அடியில் ஊதா லைட் வைத்து, பந்தால் சாய்க்கும் ஆட்டம் ஒன்று ஆடலாம். அந்த டோர்ச்சை யாருடைய கண்ணிலும் அடிக்கக் கூடாது.

கே: பட்மின்டன் பூப்பந்தில் எல்.ஈ.டி. வைத்தோம். கல் மாதிரி விழுகிறது. – ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழக மாணவர்கள்

ப: பூப்பந்தின் மொத்த எடையே 4.74 முதல் 5.50 கிராம்தான். நீங்கள் சொருகியது சி.ஆர்.2032 பெட்டரி என்றால் அது மட்டுமே ஏறத்தாழ 3 கிராம். பூவைச் சுமக்கச் சொல்லி இரும்பைக் கட்டியிருக்கிறீர்கள். சி.ஆர்.927 மாதிரிச் சின்னதைத் தேடுங்கள், ஒரு கிராமுக்கும் குறைவு. தக்கையின் நடுவைக் குடைந்து, எடுத்த தக்கையின் எடையையும் கணக்கில் சேருங்கள். பச்சை எல்.ஈ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் போதும், அது அந்தப் பெட்டரியின் வோல்ட்டேதான். வெளிச்சம் தக்கையிலிருந்து இறகை நோக்கிப் பாய வேண்டும். இறகு முழுக்க ஒளிர்ந்தால் பூப்பந்தின் உருவம் தெரியும். வெசாக் கூட்டில் சவ்வுத்தாள் செய்கிற வேலையை இங்கே இறகு செய்யும். வலையின் மேல்விளிம்பில் ஒளிரும் நாடா ஒட்ட மறந்துவிடாதீர்கள். பந்து தெரிந்து வலை தெரியாவிட்டால் என்ன ஆட்டம் அது? பிறகு, ஜூலை, ஓகஸ்ட்டில் கச்சான் காற்று அடிக்கும்போது பூப்பந்தை மூட்டைகட்டிவிட்டு வளையத்தை எடுங்கள்.

கே: விழுந்தால் மின்னுகிற விக்கெட் எங்களுக்கும் வேணும்! – ஆறாம் ஆண்டு, தெமோதரை

ப: செய்துவிடலாம், குட்டி! அதைக் கண்டுபிடித்தவர் அவுஸ்திரேலியாவின் புரொண்டே எக்கர்மன். 2012இல் அந்த நாட்டு பிக் பாஷ் போட்டியில் முதலில் மின்னியது. அதன் விலைக்கு நம்மால் போக முடியாது. பெரியண்ணன் ஒருவரைப் பிடித்து, விக்கெட் கட்டையின் தலையில் சின்னக் காந்தம் வைக்கச் சொல். பெய்லுக்குள் ‘ரீட் சுவிட்ச்’, எல்.ஈ.டி., குட்டிப் பெட்டரி. காந்தம் கிட்டே இருக்கும்வரை சுற்று திறந்திருக்கிற ரக சுவிட்ச் வேண்டும். பெய்ல் பறந்ததும் காந்தம் விலகும், சுற்று மூடும், லைட் எரியும். அம்பயரோடு சண்டை கிடையாது.

கே: காலையில் மலைக்குப் போனால் சாயங்காலம். வந்தால் அடுப்பு. இதில் எங்களுக்கு என்ன விளையாட்டு வேண்டிக் கிடக்கு? – கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர், நமுனுகுல

ப: அக்கா, வந்த கேள்விகளிலேயே என்னை அதிக நேரம் உட்கார வைத்தது உங்களுடையதுதான். ஒளிரும் விளையாட்டுச் சாமான் என்றதும் எல்லாரும் பையன்களை நினைத்தே வரைகிறார்கள். கிரவுண்டும் பந்தும் அவர்களுக்கு, ஸ்கோரும் அவர்களுக்கு. தோட்டத்தில் இருட்டியதும் உடம்பு அதிகம் நொந்திருப்பது உங்களுக்கு. ஆகவே உங்களுக்கென்று ஒரு சாமானை முதலிலிருந்து யோசித்துப் பார்த்தேன்.

கூடை சுமந்த முதுகு குனியக் கூடாது, அதனால் வளையம் மாட்டும் கம்பு இடுப்பளவு உயரம் இருக்கட்டும். மண் நிரப்பிய வாளியில் ஒரு பைப்பை நட்டு, உச்சியில் டேபிள் டெனிஸ் பந்து. பந்துக்குள் ஒரு எல்.ஈ.டி. பந்தின் வெள்ளைத் தோல் வெளிச்சத்தைப் பரப்பி, கண் கூசாத உருண்டையாகக் காட்டும். வளையங்களை அரை அங்குலக் கறுப்புத் தண்ணீர் பைப்பை வளைத்துச் செய்யலாம், நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகி மூட்டினால் போதும். மூட்டுவதற்கு முன் உள்ளே பத்துப் பச்சைப்பயறு போடுங்கள். விழுகிற திசையைக் காது சொல்லும்; பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்துக்குள் கிலுகிலுக்கும் குண்டுகள் போடுவது இதற்காகத்தான். 1998இல் புதுடில்லியில் அவர்கள் உலகக் கிண்ணமே ஆடினார்கள். தோள் வலிக்காமல் கீழிருந்து வீசலாம், ஸ்டூலில் உட்கார்ந்தும் வீசலாம். சேலையோ கவுனோ, எதுவும் தடையில்லை. சோறு வேகிற நேரத்தில் நாலு சுற்று முடிந்துவிடும்.

இன்னொன்று. இதற்கு கிரவுண்ட் வேண்டாம், லயத்து வாசல் போதும். பொம்பளைப் பிள்ளைகளை இருட்டியதும் கிரவுண்டுக்கு விடமாட்டோம் என்கிற வீடுகளிலும் வாசல் வரை யாரும் தடுப்பதில்லை. ஆட்டத்துக்கு என்று வாங்கிய லைட்டில் இரண்டை, ஆட்டம் முடிந்த பிறகு கக்கூசுக்குப் போகிற பாதையில் மாட்டுங்கள். கணக்குப் புத்தகத்தில் விளையாட்டுச் செலவு என்றே எழுதுங்கள். தோட்டத்தில் யாராவது, பொம்பளைகளுக்கு எதற்கு இது என்று கேட்டால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். வாலிபால் வலைக்குக் காசு சேர்க்கிறவர்கள் வளையத்துக்கும் சேர்க்கட்டும். வாலிபால் 1991 முதல் நாட்டின் தேசிய விளையாட்டு, அதற்கு ஆதரவாளர்கள் ஏராளம். உங்களுக்கு நான் ஒருவனாவது ஆதரவு.

கே: முறித்தால் ஒளிர்கிற குச்சி வாங்கலாமா? – கொஸ்லந்தை

ப: ஒரு கல்யாணத்துக்கு, ஒரு தீபாவளிக்கு என்றால் சரி. உள்ளே மெல்லிய கண்ணாடிக் குப்பியில் ஒரு திரவம், வெளியே இன்னொன்று. முறித்ததும் கலந்து ஒளிரும். குளிர் கூடினால் இரசாயனம் மெதுவாகும், எனவே மலை ஊரில் வெளிச்சம் குறைவு, நேரம் கூடுதல். ஆனால் ஒரு இரவோடு குப்பை. உடைந்தால் கண்ணில் எரியும், கடிக்கிற வயதுப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

கே: நாங்கள் சின்ன வயதில் தீப்பந்தம் பிடித்துத்தான் இரவாட்டம். இந்த லைட்டெல்லாம் யார் கண்டது? – தாத்தா ஒருவர், ஸ்பிரிங்வெலி

ப: தாத்தா, மாசியில் காமன் கூத்துக்குத் தீப்பந்தம்தான் அழகு, அதை யாரும் மாற்ற வேண்டாம். நம்முடைய முன்னோர் வந்த ஊர்களில் கார்த்திகைக்கு மாவளி சுற்றுவார்கள். பனம்பூவைக் கரியாக்கி, பொடித்துத் துணியில் கட்டி, பனைமட்டைக்குள் செருகி, கயிற்றில் சுழற்றினால் பொறி வட்டம் போடும். இருட்டில் ஒளிரும் விளையாட்டுச் சாமானை நம் ஆட்கள் அப்போதே செய்துவிட்டார்கள். பனை இல்லாத நம் மலையில் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கயிறு, நுனியில் துணிப்பந்து, அதற்குள் எல்.ஈ.டி. கட்டிக் கொடுங்கள். வேகமாகச் சுழற்றினால் முழு வட்டம் தெரியும். எப்படிச் சுழற்றுவது என்று சொல்லிக் கொடுக்க உங்களைவிட்டால் ஆளில்லை.

கே: கரண்ட் போனால்? – பதுளை நகரம்

ப: 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை போனதே, அப்போது ஒளிரும் சாமான் இருந்த முற்றங்களில் ஆட்டம் நின்றிருக்காது. கரண்ட்டை நம்பாதிருப்பதே இந்தச் சாமான்களின் பெரிய பலம்.

கே: என் சின்ன மகன் எதையும் வாயில் போடுவான். பெட்டரி பயமாக இருக்கிறது. – ஒரு தாய், பதுளை

ப: பயம் நியாயம், தங்கச்சி. பட்டன் பெட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவைக் கருக்கிவிடும். விழுங்கினான் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருக்காமல், நேராகப் பெரியாஸ்பத்திரி. பெட்டரி உள்ள எந்தச் சாமானுக்கும் திருகாணி போட்ட மூடி இருக்க வேண்டும். விரலால் திறக்கிற மூடி வேண்டாம். சின்னவன் கையில் பவுடர் பூசி வார்னிஷ் அடித்த பெரிய வளையம் ஒன்றைக் கொடுங்கள், பெட்டரியே இல்லாதது.

கே: ஒளிரும் பந்து தேயிலைக்குள் விழுந்தால் சுலபமாக எடுக்கலாம்தானே? – மொனராகலை

ப: கண்ணுக்குச் சுலபம், கைக்கு இல்லை. அது கிடக்கிற இடத்தைச் சுற்றி விரியனும் கிடக்கலாம். கம்பால் தள்ளி எடுங்கள், செருப்பு அல்ல, சப்பாத்து. பந்தை ஒளிர வைக்கும் முன்னே கான் ஓரத்தை ஒளிர வையுங்கள். ஒளிரும் நாடா சுற்றிய கயிறு ஒன்றைக் கானின் விளிம்போடு, ஒரு அடி உள்தள்ளி இழுத்துக் கட்டினால் கணுக்கால் தப்பும். எல்லாரும் பந்தைப் பார்த்து ஓடுகிறோம், காலைப் பார்ப்பது யார்?

கே: தூரத்தில் இடி கேட்டால் ஒரு ஓவர் முடித்துவிட்டுப் போகலாமா? – பசறை

ப: ஒரு பந்துகூட வேண்டாம். ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் ஊவாவில் இடி சும்மா வராது.

கே: மின்மினிப்பூச்சிகள் குழம்பாதா? – பாடசாலைச் சுற்றாடல் கழகம், லுணுகலை

ப: குழம்பும். அவை ஒளியால்தான் துணை தேடுகின்றன. ஓடைப் பக்கத்தையும் காட்டோரத்தையும் அவற்றுக்கு விட்டுவிட்டு, வாசலில் ஆடுங்கள். வெளிச்சம் மேலே போகாதபடி மறைப்புப் போடுங்கள்.

கே: எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும்? – தோட்டத்து இளைஞர் மன்றம், தெமோதரை

ப: எட்டரைக்கு. லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் தூங்குகிறது, விடியப் பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள். வளையங்களைத் துடைத்து, பெட்டரிகளைக் கழற்றித் தனி டப்பாவில் போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கழற்றாமல் விட்டால் மாதக் கணக்கில் கசிந்து உள்ளே இருக்கும் கம்பியைத் தின்றுவிடும்.